‘கம்ப்யூட்டர் பார்க்குற பையனுக்கு’ என்ன சம்பளம் கொடுப்பது? - ஒரு குடும்பக் கூட்டத்தில் போட்ட கணக்கு!

“கண்ணு, நீ பத்திரிகையிலதானே வேலை பார்க்குற? ஒரு விளம்பரம் எழுதிக் குடு சாமி. நம்ம ஆபீஸுக்கு கம்ப்யூட்டர் பார்க்குறதுக்கு ஒரு பையன் வேணும்.”

போன தீபாவளிக்குப் பொள்ளாச்சியில் பாட்டி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மாமா என்னிடம் கேட்டது இது. மாமாவுக்குக் கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. ஆபீஸில் 40 பேர் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்கள். பில்லிங், ஸ்டாக், டிசைன், சம்பளப் பட்டியல் எல்லாமே ஒரு சர்வரில் இருக்கிறது.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அவரே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். ‘சர்வர், நெட்வொர்க், சிசிடிவி, பிரின்டர், டேலி தெரிந்த பையன் தேவை. 24 மணி நேரமும் போனில் கிடைக்க வேண்டும். சம்பளம் 15,000.’

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியம்மா பையன் அதை எட்டிப் பார்த்தான். எனக்கு அண்ணன். சிஸ்டம் அட்மினாக எட்டு வருட அனுபவம் உள்ளவன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

“மாமா, இது ஒரு ஆளுக்கான விளம்பரம் இல்லீங்க. மூணு ஆளுக்கானது. சம்பளம் மட்டும்தான் அரை ஆளுக்குப் போட்டிருக்கீங்க.”

“ஏன் மாப்ளே, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கு இது பத்தாதா?” என்று மாமா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்தார்கள். அன்றிரவு அண்ணன் ஆஸ்பத்திரி வராண்டாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான். அவன் கம்பெனி சர்வர் படுத்துவிட்டது. வேறு ஆள் கிடையாது. விடியற்காலை 4 மணிக்கு எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது. மறுநாள் ஆபீஸுக்கு வரவில்லை என்று ஒரு நாள் சம்பளம் பிடித்திருந்தார்கள். அடுத்த மாதம் அந்த வேலையை விட்டுவிட்டான்.

அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் பாட்டி வீட்டுத் திண்ணையில் மாமாவும் அண்ணனும் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும், வேலை தேடும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது உதவும்.

முதலில், இவர் என்னதான் செய்கிறார்?

சிஸ்டம் அட்மினின் வேலை நன்றாக நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் வரும்வரை மோட்டாரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லையே, அதைப்போல. புதிதாகச் சேர்ந்தவருக்கு லாகின் கொடுப்பது, விலகியவரின் லாகினை அன்றே மூடுவது, தினமும் பேக்அப் எடுப்பது, மென்பொருள்களுக்கு அப்டேட் போடுவது, வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழையாமல் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்வது, லைசென்ஸ் காலாவதியாகாமல் கவனிப்பது… பட்டியல் நீளம்.

இந்த வேலை சறுக்கினால் என்ன ஆகும்? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நோயாளிகள் பதிவு முதல் பில் வரை பல நாள்கள் பேனாவும் பேப்பருமாக நடந்தன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்றும் அந்தப் பதிலில் இருந்தது. நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது சிஸ்டம் அட்மினின் அன்றாட வேலைகளில் ஒன்று.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. நம் நாட்டிலும் விமானப் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அவற்றில் ஏராளமான கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, தவறான ஃபைலை அழித்து, மறுபடி எழுப்பியவர்கள் ஊர் ஊராக இருக்கும் சிஸ்டம் அட்மின்கள்தான்.

கணக்கு 1: அவர் இல்லாவிட்டால் என்ன செலவு?

அண்ணன் மாமாவிடம் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல. “சர்வர் ஒரு நாள் நின்னா உங்களுக்கு என்ன நஷ்டமுங்க மாமா?”

மாமாவின் ஆபீஸில் கம்ப்யூட்டரில் இருப்பவர்கள் 40 பேர். ஒருவருக்கு மணிக்குச் சராசரியாக 100 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டார்கள். சர்வர் நின்றால் மணிக்கு 4,000 ரூபாய் சும்மா போகிறது. எட்டு மணி நேரம் நின்றால் 32,000. இதில் லோடு ஏற்ற முடியாமல் நிற்கும் லாரியும், பில் போட முடியாமல் காத்திருக்கும் வாடிக்கையாளரும் சேரவில்லை.

ஒரே ஒரு நாள் நஷ்டம், மாமா கொடுக்க நினைத்த சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கும் மேல். மாமா சிரிப்பை நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

இதற்காக நஷ்டத் தொகையை அப்படியே சம்பளமாகக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. எதைக் காப்பாற்ற இவரை வேலைக்கு எடுக்கிறோம் என்பது தெரிந்தால்தான் சம்பளத்தைச் செலவாக மட்டும் பார்க்கும் பழக்கம் போகும்.

கணக்கு 2: எந்த வேலைக்கு ஆள் வேண்டும்?

ஒரே பெயரில் மூன்று வேலைகள் சுற்றுகின்றன. சம்பளக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

முதல் படி, உதவி மையம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பிரின்டர் ஓடவில்லை, மெயில் திறக்கவில்லை என்பவர்களுக்கு உதவுவது. டிப்ளமோ முடித்த புதியவர்களால் செய்ய முடியும்.

இரண்டாம் படி, அட்மின். சர்வர், பேக்அப், ஃபயர்வால், பயனர் அனுமதிகள் என்று மொத்தப் பொறுப்பையும் ஏற்பவர். சில வருட அனுபவம் வேண்டும்.

மூன்றாம் படி, மூத்த அட்மின். லினக்ஸ், கிளவுட், பாதுகாப்புத் திட்டமிடல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் ஸ்கிரிப்ட் எழுதித் தானாக ஓடவைப்பது எனப் பெரிய அளவில் யோசிப்பவர்.

முதல் படிச் சம்பளம் கொடுத்து மூன்றாம் படி வேலையை எதிர்பார்ப்பதுதான் பல விளம்பரங்களில் நடப்பது. கூடவே டேலி என்ட்ரி, சிசிடிவி, முதலாளி வீட்டு வைஃபை, முதலாளி மகனின் ஸ்கூல் ப்ராஜெக்ட்!

“எங்க ஊட்டு வைஃபையும் அந்தப் பையனே பார்த்துக்குவான்னு நெனச்சேன்” என்று மாமா ஒப்புக்கொண்டார்.

எனவே விளம்பரம் எழுதும் முன் ஒரு பேப்பரில் வேலைகளைப் பட்டியலிடுங்கள். தினசரி, வாரம் ஒருமுறை, அவசரத்துக்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். எந்தப் படி ஆள் வேண்டும் என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

கணக்கு 3: ஊர் நிலவரம் என்ன?

படி தெரிந்த பிறகுதான் தொகை. இணையத்தில் வரும் ‘சராசரி சம்பளம்’ என்ற ஒற்றை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பெங்களூரு பன்னாட்டு நிறுவனமும் ஈரோட்டு ஜவுளி ஆபீஸும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். மூன்று பக்கம் விசாரியுங்கள்.

நௌக்ரி, லிங்க்டுஇன் போன்ற தளங்களில் உங்கள் ஊரில், அதே படியில், அதே அனுபவத்துக்கு வந்திருக்கும் பத்து விளம்பரங்களைப் பாருங்கள். உங்கள் அளவுள்ள இரண்டு மூன்று நிறுவனத்தாரிடம் நேரில் கேளுங்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் நிறுவனம் ஒன்றிடம் இதே வேலைக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு என்ன கேட்பார்கள் என்று விலை வாங்குங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வரம்பு கிடைக்கும். ‘இதிலிருந்து இதுவரை’ என்று. அந்த வரம்பை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். நேரமும் மிச்சம், பேரமும் மிச்சம்.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. ‘பழைய கம்பெனியில் என்ன வாங்குனீங்க?’ என்று கேட்டு, அதன் மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது. முதல் கம்பெனி ஏமாற்றியிருந்தால் அந்த ஏமாற்றம் அவரோடு அடுத்த கம்பெனிக்கும், அதற்கடுத்த கம்பெனிக்கும் போகிறது. அந்த நாற்காலிக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. அதில் உட்காருபவரின் பழைய சம்பளம் அதற்குப் பதில் ஆகாது.

ஆணா, பெண்ணா என்பதும் இங்கே வரக்கூடாது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ‘ராத்திரி வேலை வரும், பொண்ணு சரிப்படாது’ என்பதெல்லாம் பழைய பேச்சு. பெரும்பாலான இரவுப் பிரச்னைகளை வீட்டிலிருந்தே வி.பி.என். மூலம் சரிசெய்துவிடலாம். விளம்பரத்தில் ‘பையன் தேவை’ என்று போடும்போதே நல்ல அட்மின்களில் பலரை இழந்துவிடுகிறோம்.

கணக்கு 4: சொல்லும் சம்பளமும் கையில் வரும் சம்பளமும்

மாமா விசாரித்த பிறகு வந்த எண்ணை ஒரு எடுத்துக்காட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கும் வேலைக்கும் இது மாறும். மாத மொத்தச் சம்பளம் 26,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 13,000.

நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவிகிதம் என்றால் 1,560 ரூபாய். கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது சுமார் 625 ரூபாய். ஆக நிறுவனத்துக்கு ஆகும் செலவு, அதாவது சி.டி.சி. 28,185 ரூபாய். ஊழியர் பக்கத்திலிருந்தும் பி.எஃப். 1,560 பிடித்தால் கையில் வருவது 24,440. தொழில்வரி தனி.

‘28,000 சம்பளம்’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, முதல் மாதம் 24,440 வந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்? அதனால் மூன்று எண்களையும் நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிடுங்கள். வேலை தேடுபவர்களே, இந்த மூன்றையும் கேட்க வெட்கப்படாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இதற்குத் தொடர்பான இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று, மொத்தத்தில் பாதிக்கு மேல் பல்வேறு படிகளாகப் பிரித்துக் காட்டினால், மிஞ்சிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி பி.எஃப்., கிராஜுவிட்டியைக் குறைக்கும் வித்தை இனி எடுபடாது. இரண்டு, வேலை நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். உங்கள் நிறுவனத்துக்கு எது எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு 5: ராத்திரி போனுக்கு என்ன விலை?

அண்ணன் இந்த இடத்தில்தான் குரலை உயர்த்தினான். “24 மணி நேரமும் போன்ல கிடைக்கணும்னு ஒரே வரியில எழுதிட்டீங்க மாமா. அந்த ஒரு வரிக்கு மட்டும் தனிச் சம்பளம் வேணுமுங்க.”

தமிழ்நாட்டில் 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்பு விகிதத்தில் ஊதியம். மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்பதால், சிலர் அட்மினுக்கு ‘ஐ.டி. மேனேஜர்’ என்று பெயர் மட்டும் வைத்துவிடுகிறார்கள். அவருக்குக் கீழே ஒருவர்கூட இருக்க மாட்டார்!

மாமாவின் 26,000-ஐ வைத்தே பார்க்கலாம். 26 வேலை நாள். நாளுக்கு 1,000 ரூபாய். மணிக்கு 125. இரட்டிப்பு என்றால் 250. மாதத்தில் ஆறு இரவுகள், தலா இரண்டு மணி நேரம் கூப்பிட்டால் 12 மணி நேரம். அதாவது 3,000 ரூபாய். இதைக் கொடுக்காவிட்டால் ஒரு வருடத்தில் 36,000 ரூபாய் வேலையை அவரிடம் இலவசமாக வாங்குகிறோம் என்று அர்த்தம்.

கூப்பிடாத இரவிலும் அவர் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வெளியூர் போகாமல், கோயில் திருவிழாவில்கூட லேப்டாப் பையோடு நிற்கிறார். எனவே நியாயமான ஏற்பாடு மூன்று பகுதி கொண்டது. காத்திருப்புக்கு மாதம் ஒரு நிலையான தொகை, வேலை செய்த மணிக்குத் தனி ஊதியம், நள்ளிரவு தாண்டி வேலை செய்தால் மறுநாள் காலை ஓய்வு. எது அவசரம், எது காலை வரை காத்திருக்கலாம் என்பதையும் எழுதிவையுங்கள். சர்வர் நின்றால் அவசரம். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் அவசரம் இல்லை.

இன்னொன்று. மாற்று ஆள் இல்லாத அட்மின், விடுமுறையே இல்லாத அட்மின். வருடத்தில் பத்து நாளாவது சர்வீஸ் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அவரை விடுமுறைக்கு அனுப்புங்கள். அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு வேறொருவரால் வேலை பார்க்க முடிகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அண்ணன் அந்தக் கம்பெனியை விட்டபோது பாதி பாஸ்வேர்டுகள் எங்கே இருக்கின்றன என்று முதலாளிக்குத் தெரியவில்லை. அவன் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

அவ்வளவு கொடுக்க முடியாவிட்டால்?

எல்லாச் சிறு நிறுவனத்தாலும் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. அப்போது சம்பளத்தைக் குறைப்பதற்குப் பதில் வேலையைக் குறையுங்கள். உதவி மையத்துக்குப் புதியவர் ஒருவரை எடுத்துக்கொண்டு, சர்வர் பொறுப்பை சர்வீஸ் நிறுவனத்திடம் கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரும் அனுபவசாலியைப் பகுதிநேரமாக வைக்கலாம்.

சான்றிதழ் தேர்வுக் கட்டணத்தை நிறுவனமே கட்டுவதும் நல்ல வழி. ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. போன்ற தேர்வுகளில் கம்ப்யூட்டரில் செய்துகாட்டித்தான் தேற முடியும். கற்றது உங்கள் சர்வருக்குத்தான் உதவும். தேறியதும் சம்பளத்தை உயர்த்துங்கள். ‘படிக்க வைத்தால் ஓடிவிடுவார்’ என்று பயந்து ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். அப்படிக் கேட்கும் இடத்தில் வேலைக்குச் சேரவும் சேராதீர்கள்.

பொறுப்பு கூடும்போது சம்பளமும் கூட வேண்டும். சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. இந்த வேலைகளில் பெரும்பங்கு கடைசியில் யார் மேஜைக்கு வரும் என்று நீங்களே யூகிக்கலாம்.

வேலை தேடுபவர்கள் கேட்க வேண்டியவை

* கையில் எவ்வளவு வரும்? பி.எஃப். எந்தத் தொகைக்குக் கட்டுகிறீர்கள்?
* எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை சர்வர், என்னோடு எத்தனை பேர்?
* இரவில் கூப்பிட்டால் என்ன ஏற்பாடு? நான் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்கள்?
* சம்பளத்தை எப்போது, எதை வைத்து உயர்த்துவீர்கள்?
* எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் ஏன் விலகினார்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில், முந்தைய நான்குக்கும் வந்த பதில்கள் உண்மையா என்று காட்டிவிடும் என்பது அண்ணனின் அனுபவம்.

மாமா என்ன செய்தார்?

நாள்காட்டித் தாள் குப்பைக்குப் போனது. புதிய விளம்பரத்தை நான்தான் எழுதினேன். ‘பையன்’ போய் ‘சிஸ்டம் அட்மின்’ வந்தது. சிசிடிவியும் டேலியும் பட்டியலிலிருந்து போயின. சம்பள வரம்பும், இரவு அழைப்புக்குத் தனி ஊதியம் என்ற வரியும் சேர்ந்தன. வீட்டு வைஃபையை மட்டும் மாமா கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. “அதை நான் பார்த்துக்கறேனுங்க மாமா, எனக்கு மீன் குழம்பு போட்டாப் போதும்” என்று அண்ணன் முடித்துவைத்தான்.

நேர்முகத்துக்கு ஆறு பேர் வந்தார்களாம். அதில் ஒரு பெண், சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டார்: “சார், பேக்அப் எடுக்குறீங்க, சரி. அதுல இருந்து கடைசியா எப்போ திருப்பி எடுத்துப் பார்த்தீங்க?”

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. வேலை அந்தப் பெண்ணுக்குத்தான் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் திருப்பி எடுத்துப் பார்த்தபோது, நான்கு மாதங்களாக பேக்அப் வெறும் காலி ஃபைலாகப் பதிவாகிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாமா அன்றிரவே எனக்கு போன் செய்தார்.

“கண்ணு, 15,000-ன்னு போட்டிருந்தா இந்தப் புள்ள வந்திருக்குமா?”

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, சிஸ்டம் அட்மின்களுக்கு நன்றி சொல்லும் நாள். டெட் கெகாடோஸ் என்ற அட்மின் 2000-ல் தொடங்கிவைத்த வழக்கம் இது. அன்று கேக் வெட்டுங்கள், நல்லதுதான். அதற்கு முன்பு, உங்கள் ஆபீஸ் அட்மினின் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.